மைனா திரைப்படமும் குரங்கணி மலைப்பாதையும்

மைனா, பிரபு சாலமன் எழுதி இயக்கி 2010 நவம்பர் 5 அன்று வெளியான தமிழ்த் திரைப்படம். தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலைச்சரிவுகளில் படமாக்கப்பட்டது. தீபாவளி நேரத்தில் பெரியகுளம் கிளைச்சிறையிலிருந்து தப்பியோடும் இளைஞன், அவனோடு கிளம்பிவிடும் பெண், அவர்களைப் பிடித்து வரப் புறப்பட்ட இரண்டு சிறைப் பணியாளர்கள் ஆகிய நால்வரின் மலைப்பயணமே கதை. சோகத்தில் முடியும் இப்படத்தை மக்கள் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள். ஓடிப்போகிறவர்களின் கதையில் சிரிப்பும் சாகசமும் பரிவும் ஒன்றையொன்று கெடுக்காமல் நின்றதற்குத் தமிழில் அண்மைக்கால எடுத்துக்காட்டாக இப்படத்தைக் கொள்ளலாம்.

உடன்போக்கு மரபு

ஓடிப்போகும் காதலர்கள் தமிழுக்குப் புதியவர்கள் அல்லர். சங்க அகப்பாடல்கள் இதற்கு 'உடன்போக்கு' என்று பெயரிட்டு, பாலைத் திணையின் துறைகளில் ஒன்றாகவே வைத்திருக்கின்றன. ஓதலாந்தையார் பாடிய ஐங்குறுநூற்றுப் பாலைப் பகுதியில் மகளை இழந்த தாய் வருந்துவதற்கு ஒரு பத்து, வழியிடையே நடப்பவற்றுக்கு ஒரு பத்து, திரும்பி வருவதற்கு ஒரு பத்து எனத் தனித்தனியே உள்ளன.

அந்தப் பாடல்களில் கவனிக்க வேண்டியது, பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஓடிப்போன இருவரும் அல்லர் என்பது. தேடிச் செல்லும் செவிலி பேசுகிறாள். வீட்டிலிருக்கும் நற்றாய் பேசுகிறாள். வழியில் அவர்களைக் கண்டவர்கள் பேசுகிறார்கள். கலித்தொகையின் ஒன்பதாம் பாடலில், மகளைத் தேடி வரும் செவிலி எதிரே வரும் அந்தணர்களை விசாரிக்கிறாள். சந்தனம் பிறந்த மலைக்கும் முத்து பிறந்த கடலுக்கும் அவற்றால் என்ன பயன் என்று கேட்டு அவர்கள் அவளை ஆற்றுப்படுத்துகிறார்கள். துரத்திப் போனவள் வழியிலேயே மனம் மாறித் திரும்புகிறாள். தப்பியோடுபவரின் காதலைத் தேடிப் போகிறவரின் கண்ணால் அளப்பது தமிழில் இவ்வளவு பழைய உத்தி. மைனாவின் இயக்குநர் இதை நினைத்துச் செய்தாரா என்பது பொருட்டல்ல. படத்தின் பலம் அதே இடத்தில்தான் இருக்கிறது.

தமிழ்த் திரையிலும் ஓடிப்போதல் நீண்ட வழக்கம். பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' (1981), பாலாஜி சக்திவேலின் 'காதல்' (2004), சமுத்திரக்கனியின் 'நாடோடிகள்' (2009) என வரிசை நீளும். இவற்றில் துரத்துகிறவர்கள் பெரும்பாலும் அரிவாளோடு வரும் உறவினர்கள். அவர்களுக்கு முகம் உண்டு, மனம் கிடையாது. 'காதல்' படத்தில் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடும் இருவரையும் நாம் உள்ளும் புறமும் அறிவோம். பின்னால் வருகிறவர்களிடம் அச்சம் மட்டுமே நமக்குண்டு. மைனா இந்த வழக்கத்தைப் புரட்டிப் போட்டது.

போடி, குரங்கணி, டாப் ஸ்டேஷன்

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். ஒரு காலத்தில் ஜமீன். இன்று ஏலக்காய் வணிகத்தின் மையம். எதிரே தெரியும் ஏலமலையின் தோட்டங்கள் பெரும்பாலும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தவை என்றாலும் காய் விலைபோகும் இடங்களில் ஒன்று போடி. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் போடியிலும் இடுக்கியின் புற்றடியிலும் இயங்குகின்றன. தோட்ட வேலைக்குத் தேனி மாவட்டத்திலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் மலையேறி மாலையில் இறங்குகிறவர்கள் ஏராளம். 1956இல் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது தமிழ் பேசுவோர் நிறைந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. எல்லைக்கோடு மலைமேல் விழுந்தது. ஆட்களின் நடமாட்டம் அதற்குக் குறுக்கே தொடர்ந்தது.

போடிமெட்டுக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுச் சாலை எல்லோருக்கும் தெரிந்தது. குரங்கணிப் பாதை வேறு. போடியிலிருந்து கொட்டகுடி வழியாகச் செல்லும் இந்தத் தடம் மலையின் மடியில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் நடைதான். மேலே சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் டாப் ஸ்டேஷன் இருக்கிறது. அந்தப் பெயர் ஒரு போக்குவரத்து வரலாற்றின் மிச்சம். மூணாற்றுத் தேயிலையைக் கீழே கொண்டுவர 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போடப்பட்டு, மாடுகள் இழுக்கும் வண்டிகள் ஓடின. 1908இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷனில் இறக்கிய தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடியின் அடிநிலையத்துக்கு வந்தன. அங்கிருந்து வண்டிகளில் போடி. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் மேலே இருந்த இருப்புப்பாதையை அடித்துச் சென்றது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் பாதை ரயில் வந்தது.

பொருள் இறங்க வழி செய்த அளவுக்கு ஆள் ஏற வழி செய்யப்படவில்லை. போடி வட்டாரத்தின் சில மலைக்கிராமங்களுக்குத் தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை முதுகில்தான் செல்கின்றன. நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருவதும் அங்கே பழங்கதை அல்ல. ஒரு கைதியைப் பிடித்துக்கொண்டு திரும்ப ஏன் ஒரு முழுப்படம் தேவைப்படுகிறது என்ற கேள்வி, இந்த நிலத்தை அறிந்தவருக்கு எழாது.

கதை

சுருளி (விதார்த்) சிறுவயதில், தெருவில் நிற்க நேர்ந்த ஒரு தாயையும் மகளையும் தன் மலைக்கிராமத்துக்கு அழைத்து வருகிறான். மகள் மைனா (அமலா பால்). தான் படிக்காமல் அவளைப் படிக்க வைக்கிறான். சைக்கிளில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறான். வளர்ந்தபின் மைனாவின் தாய் அவளுக்கு வேறு இடத்தில் மாப்பிள்ளை பார்க்கிறாள். ஆத்திரத்தில் அவளைத் தாக்கிய சுருளி சிறைக்குப் போகிறான். தீபாவளி நெருங்கும்போது தப்பிவிடுகிறான். கைதி தப்பினால் வேலைக்கே ஆபத்து என்பதால் சிறை அதிகாரி பாஸ்கரும் (சேது) சிறைக் காவலர் ராமையாவும் (தம்பி ராமையா) அவனைத் தேடி மலையேறுகிறார்கள். பாஸ்கருக்கு அது தலைதீபாவளி. மாமனார் வீட்டில் மாப்பிள்ளைக்காகக் காத்திருக்கிறார்கள். சுருளி பிடிபடுகிறான், மைனாவும் கூடவே வருகிறாள். வழி தவறுகிறது, பண்டிகை நெருங்குகிறது, மலைச்சாலையில் பேருந்து விபத்துக்குள்ளாகிறது. சாவின் விளிம்பில் தொங்கும் காவலர்களைத் தப்பியோடியவனே காப்பாற்றுகிறான்.

அதற்குப்பின் கதை மலையிலிருந்து இறங்குகிறது. தீபாவளி நாளில், பாஸ்கரின் மனைவி வீட்டாருடைய ஆத்திரத்துக்கு மைனா பலியாகிறாள். சுருளியும் பிழைப்பதில்லை. சட்டத்தின் ஆளாக வந்த பாஸ்கர் கொலைகாரனாகிறான்.

சிரிப்பு பிறக்கும் இடம்

படத்தின் நகைச்சுவை ஏறக்குறைய முழுவதும் ராமையா என்ற ஒரு மனிதரின் மேல் நிற்கிறது. தனியாக ஒட்டவைத்த நகைச்சுவைத் தடம் இதில் இல்லை. 2010வாக்கில் பெரும்பாலான தமிழ்ப் படங்களில் நாயகனின் கதை ஒரு பக்கமும் நகைச்சுவை நடிகரின் கதை இன்னொரு பக்கமும் ஓடின; ஒன்றை வெட்டி எடுத்தாலும் மற்றது நிற்கும். ராமையாவை வெட்டினால் மைனா நிற்காது.

அவர் நடுவயதுக்காரர், மூச்சு வாங்குகிறவர், வேலைக்குப் பயப்படுகிறவர், மேலதிகாரிக்கு அதைவிடப் பயப்படுகிறவர். செல்பேசியில் மனைவியின் குரலே அழைப்பொலியாக இருக்கிறது. இக்கட்டான நேரத்திலெல்லாம் அது அவர் எங்கே இருக்கிறார் என்று விசாரிக்கிறது. முதல்முறை கேட்கும்போது சிரிப்பு. மூன்றாம் நான்காம் முறை வரும்போது, காட்டில் திசை தெரியாமல் நிற்கும் ஒரு மனிதனிடம் அது உண்மையிலேயே பதில் இல்லாத கேள்வியாகிவிடுகிறது. ஒரே வேடிக்கை நிலைமை மாற மாற நிறம் மாறுகிறது. அதன் வேலை அத்தோடு முடியவில்லை. ராமையாவைத் தேட ஒரு வீடு இருக்கிறது என்பதையும், பாஸ்கருக்கு வரும் அழைப்புகள் தேடலாக இல்லாமல் குற்றச்சாட்டாக இருப்பதையும் அது பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. பின்னால் நடக்கப்போகும் கொடுமைக்கான விதை சிரிப்புக்குள்ளேயே விதைக்கப்பட்டுவிட்டது.

ராமையாவின் நகைச்சுவை யாரையும் தாழ்த்துவதில்லை. மலைக்காரர்களின் பேச்சையோ உடையையோ அவர் கேலி செய்வதில்லை. கேலிக்கு உள்ளாவது அவருடைய சொந்த உடம்பும் பயமும்தான். மலையில் சுருளி வீட்டுக்காரன், காவலர்கள் விருந்தாளிகள். யார் யாரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு சரிவிலும் மாறுகிறது. சிறையில் கைதிக்குச் சோறு போடுகிறவர் அதிகாரி. காட்டில் அதிகாரிக்கு வழிகாட்டுகிறவன் கைதி. இந்தத் தலைகீழ் மாற்றமே சிரிப்பையும் பரிவையும் ஒருசேரக் கொண்டுவருகிறது.

தம்பி ராமையா அதற்குமுன் 'மனுநீதி' (2000), 'இந்திரலோகத்தில் நா அழகப்பன்' (2008) ஆகிய படங்களை இயக்கியவர். நடிகராக அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது மைனாதான். 58ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த துணை நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில்தான் 'ஆடுகளம்' படத்துக்காகத் தனுஷ் சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்டார். நகைச்சுவை வேடங்களைத் துண்டுக்காட்சிகளாகவே பார்த்துப் பழகிய சூழலில், சிரிக்கவைத்த ஒரு பாத்திரத்துக்குக் கிடைத்த இந்த அங்கீகாரம் சிறிய செய்தி அல்ல.

நம்பகம்

ஓட்டக் கதைகளின் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. ஓடுகிறவர்கள் ஏன் பிடிபடவில்லை, பிடிபட்டால் ஏன் உடனே திரும்பவில்லை, சண்டையிடும் மனிதர்கள் ஏன் ஒருவரையொருவர் விட்டுப் பிரியவில்லை ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை வேண்டும். விடை தற்செயலாக இருந்தால் பார்வையாளர் சிரிப்பாரே தவிர நம்பமாட்டார்.

மைனாவில் மூன்றுக்கும் நிலமும் நாளும் விடை சொல்கின்றன. சாலை இல்லாத சரிவு, ஐப்பசி மாத மூடுபனியும் மழையும், எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் பிரியும் ஒற்றையடிப் பாதைகள். தீபாவளி என்ற நாள் தமிழ்நாட்டில் எவருக்கும் விளக்கத் தேவையில்லாத கடிகாரம். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வராமலிருப்பது என்ன பொருள்படும் என்பதை வசனம் சொல்ல வேண்டியதே இல்லை. படம் வெளியானதும் தீபாவளி அன்றே. கதையில் பாஸ்கர் தவறவிட்ட நாளைத் திரையரங்கில் இருந்தவர்கள் அன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புத்தாடை உடுத்திக் கொண்டாடிவிட்டு வந்திருந்தார்கள். இதைவிடப் பொருத்தமான வெளியீட்டு நாளை நினைப்பது கடினம்.

எம். சுகுமாரின் ஒளிப்பதிவு மலையை அழகாகக் காட்டுவதோடு நிற்பதில்லை. நடக்க வேண்டிய தூரமாகவும் காட்டுகிறது. பள்ளத்தாக்கின் அகன்ற காட்சியில் நான்கு சிறிய உருவங்கள் நகர்வதைப் பார்த்தபின், அடுத்த காட்சியில் ராமையா மூச்சிரைப்பது நடிப்பாகத் தோன்றுவதில்லை. விதார்த்தும் அமலா பாலும் அப்போது பரவலாக அறியப்படாதவர்கள் என்பதும் உதவியது. நட்சத்திர நாயகனாக இருந்தால் இரண்டு காவலர்களை அடித்துப்போட்டுவிட்டு ஏன் ஓடவில்லை என்று பார்வையாளர் கேட்டிருப்பார். சுருளி ஓடினாலும் போக இடம் இல்லாதவன். அவனுடைய ஊர், அவனுடைய மலை, அவனுடைய மைனா மூன்றும் அங்கேயே இருக்கின்றன.

விபத்துக் காட்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எதிரி எதிரியைக் காப்பாற்றுவது பழைய திருப்பம். பெரும்பாலும் அது கதாசிரியரின் வசதிக்காக வருவது. இங்கே அது உறுத்தாததற்கு இரண்டு காரணங்கள். மலைச்சாலையில் பேருந்து கவிழ்வது இப்பகுதி மக்கள் செய்தித்தாளில் படித்துப் பழகிய துயரம். மேலும், காப்பாற்றுவது சுருளியின் குணத்தில் முதல் காட்சிகளிலேயே இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு தாயையும் மகளையும் வீட்டுக்கு அழைத்து வந்த சிறுவன்தான் வளர்ந்து, பள்ளத்தில் தொங்குகிறவர்களை விட்டுப் போக முடியாதவனாக நிற்கிறான். மைனா படிப்பதற்கு மின்மினிகளைப் பிடித்துவந்து வெளிச்சம் தந்தவன் அவன். இந்தச் சிறு செயல்களை முன்கூட்டியே வைத்ததால் பெரிய செயல் நம்பும்படி ஆகிறது.

உலகத் திரையில் இதோடு வைத்துப் பார்க்கத்தக்கது நியூசிலாந்தின் டைக்கா வைட்டிட்டி இயக்கிய 'ஹன்ட் ஃபார் த வைல்டர்பீப்பிள்' (2016). பாரி கிரம்ப் 1986இல் எழுதிய நாவலை ஒட்டிய அப்படத்தில், வளர்ப்புப் பையன் ஒருவனும் முசுட்டுக் கிழவர் ஒருவரும் காட்டுக்குள் மறைய, நாடே அவர்களைத் தேடுகிறது. அங்கும் சிரிப்பும் காடும் பரிவும் உண்டு. ஆனால் துரத்துகிற குழந்தைநல அதிகாரி கேலிச்சித்திரமாகவே வந்துபோகிறார். கதகதப்பெல்லாம் ஓடுகிற இருவருக்கு இடையில். மைனாவில் ஓடுகிற இருவரின் அன்பு ஆரம்பத்திலேயே முழுமையாக இருக்கிறது, வளர அதற்கு இடம் இல்லை. வளர்வது துரத்துகிறவர்களின் மனம். எனவே பார்வையாளரும் காவலர்களோடு சேர்ந்தே மலையேறுகிறார்.

முடிவு குறித்து

படத்தின் கடைசிப் பகுதி விவாதத்துக்கு உரியது. சிரித்து, பயந்து, நெகிழ்ந்து வந்த கதை திடீரெனக் குருதியில் முடிவது, 2000களின் நடுப்பகுதியிலிருந்து மதுரை, தேனி வட்டாரத்தைக் களமாகக் கொண்ட படங்களின் வழக்கத்துக்குப் பணிந்ததாகத் தோன்றுகிறது. 'பருத்திவீரன்' (2007), 'சுப்பிரமணியபுரம்' (2008) போன்ற படங்களின் வெற்றிக்குப்பின் கிராமக் காதல் சாவில் முடிவதே நேர்மை என்ற எண்ணம் வலுத்திருந்தது. பாஸ்கரின் மனைவியும் அவளுடைய உடன்பிறந்தோரும் மற்ற பாத்திரங்களுக்குக் கிடைத்த நியாயத்தைப் பெறவில்லை. கணவன் ஏன் வரவில்லை என்று கேட்கும் பெண்ணின் பக்கத்தையும் மலைப்பயணத்தில் காட்டிய அதே பொறுமையோடு சொல்லியிருந்தால் முடிவு இன்னும் கனத்திருக்கும்.

எனினும் ஒரு பொருத்தத்தை மறுக்க முடியாது. காட்டில் எந்த ஆபத்திலும் சாகாத இருவரும் ஊருக்குள் வந்தபின் சாகிறார்கள். சங்கப் பாடல்களின் உடன்போக்கில் வழிதான் கொடியது. வெயில், ஆறலைகள்வர், நீரற்ற சுரம். குறிஞ்சியும் முல்லையும் திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. இங்கே குறிஞ்சி குறிஞ்சியாகவே இருந்து காக்கிறது. பாலை கீழே, வீடுகளுக்குள் இருக்கிறது.

வரவேற்பும் பின்னரும்

ஷாலோம் ஸ்டுடியோஸ் சார்பில் ஜான் மேக்ஸ் தயாரித்த படத்தை உதயநிதி ஸ்டாலினின் ரெட் ஜெயன்ட் மூவிஸ் வெளியிட்டது. 'உத்தமபுத்திரன்', 'வல்லக்கோட்டை', 'வ குவார்ட்டர் கட்டிங்' ஆகியவையும் அதே தீபாவளிக்கு வந்தன. பெயர் தெரிந்த நடிகர் இல்லாத மைனா அவற்றுக்கு இடையே ஓடியது. டி. இமானின் இசையும் யுகபாரதியின் பாடல்களும் இமானின் வாழ்வில் புதிய கட்டத்தைத் தொடங்கி வைத்தன. தமிழில் சிறந்த படத்துக்கான தென்னிந்தியப் பிலிம்பேர் விருதும் கிடைத்தது. கன்னடத்தில் 'ஷைலூ' (2011) என மறுஆக்கம் செய்யப்பட்டது. 1999 முதல் படம் எடுத்துவந்த பிரபு சாலமன் இதற்குப்பின் 'கும்கி' (2012), 'கயல்' (2014) என நிலத்தை முன்னிறுத்தும் இயக்குநராக அறியப்பட்டார்.

மைனாவில் மலை இருக்கிறது, மலையின் உழைப்பு அவ்வளவாக இல்லை. ஏலத் தோட்டத்துக் கூலியாட்கள், முதுவர் குடிகள், மூட்டை சுமந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் பின்னணியில் நின்றுவிடுகிறார்கள். அந்த இடத்தை எட்டு ஆண்டுகள் கழித்து லெனின்பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) நிரப்பியது. விஜய் சேதுபதி தயாரித்து, இளையராஜா இசையமைத்து, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு செய்த அப்படத்தில் ஏலக்காய் மூட்டையின் கனமும் ஒரு துண்டு நிலத்துக்கான ஏக்கமுமே கதை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும் மாணவருக்கு ஒரே மலை இருவேறு மலைகளாகத் தெரியும்.

அதே 2018ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று குரங்கணிக்கு மேலுள்ள சரிவில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றத்துக்கு வந்திருந்தவர்கள் சிக்கிக்கொண்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைக்கிராமத்தவர்கள் முதலில் ஓடிச்சென்று உதவினர். மைனாவில் நால்வர் வழிதவறும் காட்சிகளை அதற்குப்பின் பார்ப்பவரால் பழையபடி முழுமனதோடு சிரிக்க முடிவதில்லை.

மைனா வெளியான 2010ஆம் ஆண்டின் இறுதியிலேயே மதுரை-போடி மீட்டர் பாதை ரயில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்டது. 2022 மே மாதம் தேனி வரையிலும், 2023 ஜூன் மாதம் போடி வரையிலும் ரயில் மீண்டும் வந்தது. குரங்கணிக்கு மேலே இன்றும் நடைதான்.